அந்தப் பாகத்துக்குப் பேர் சைலன்சர், தம்பி!

காஞ்சிபுரம் ராஜ வீதிகளில் சுற்றும் பழைய புல்லட்டுகள் இரண்டு ரகம். முதல் ரகம், மூங்கில் மண்டபத்தில் திரும்பும்போதே ரங்கசாமி குளத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வார். இரண்டாவது ரகம், பக்கத்தில் வந்து நின்று, 'சார், கொஞ்சம் ஒதுங்குங்க' என்று ஓட்டுகிறவர் சொன்னால்தான் வந்ததே தெரியும். இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றுதான். அதே 346 சிசி, அதே வார்ப்பிரும்பு சிலிண்டர், 70 மி.மீ. அகலம், பிஸ்டன் ஏறி இறங்க 90 மி.மீ. நீளம். வித்தியாசம் வைத்திருப்பவரின் கையில். முதல் ரகத்தாருக்குக் கையில் ஒன்றுமில்லை, பர்ஸில் மட்டும்தான் இருக்கிறது.

அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம். புல்லட் பிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம். தாராளமாக.

ஒரு பையனை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள் (நிற்கிற பையனாகப் பார்த்து). பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

"வண்டிக்கு என்னப்பா பண்ணியிருக்கே?"

"மாடிஃபிகேஷன்ணே. சைலன்சர் மாத்திட்டேன். இது இந்தோரி. வீட்ல பஞ்சாப் ஒண்ணு இருக்கு."

"டேப்பட் கடைசியா எப்ப பார்த்தே?"

"அது எங்கண்ணே இருக்கு?"

இவருக்குப் பெயர் புல்லட் ஓனர்!

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளத்தான் பிறந்தது. வலது பக்கம் ஒரு சின்ன மூடி. ஒரே ஒரு நட்டைக் கழற்றினால் கையோடு வரும். உள்ளே இரண்டு புஷ்ராடு. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, பிஸ்டன் மேலே இருக்கிற நிலையில், விரலால் உருட்டினால் ராடு சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் டேப்பட் செட்டிங். அளவெடுக்கத் தகடுகூட வேண்டாம், விரல் போதும். காண்டாக்ட் பாயின்ட் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. செயினைத் துடைத்து, தொய்வு பார்த்து, எண்ணெய் விட வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே முடிந்துவிடுகிற வேலை. பனியனில் கறை படும். அம்மாவோ மனைவியோ திட்டுவார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் பண்ணுவதே ஒரு படிப்பு. சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். இடது பக்கம் சாய்ந்த முள் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே டீகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு பிடி இறக்கி, டீகம்ப்ரஸரை விட்டுவிட்டு ஒரே மிதி. தெரிந்தவனுக்கு ஒரே உதையில் எடுக்கும். தெரியாதவனுக்கு அது திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கும். வண்டி தன் எஜமானனுக்கு வைக்கிற நுழைவுத் தேர்வு இது. இந்தோரி கோஷ்டியில் பாதிப் பேர் இதில் ஃபெயில். தள்ளித்தான் ஸ்டார்ட் செய்கிறார்கள். ஆனால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

சத்தத்துக்கு அவர்கள் சொல்லும் காரணம் 'பவர்'. இதைவிடப் பெரிய புருடா இந்த வண்டியின் சரித்திரத்தில் கிடையாது. இந்த எஞ்சினின் மொத்த சக்தியே சுமார் 18 குதிரை. கம்ப்ரஷன் ஆறரைக்கு ஒன்று. அந்தக் காலத்து ஆர்எக்ஸ் 100, வெறும் 98 சிசியில் 11 குதிரை கொடுத்தது. புல்லட்டின் பெருமை நிதானமான இழுவை, வேகம் அல்ல. உள்ளே தடுப்பே இல்லாத குழாயை மாட்டினால் அந்த 18, 25 ஆகிவிடாது. புகை சுலபமாக வெளியேறும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாவிட்டால் பெட்ரோல் குறைந்து காற்று கூடி, கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவை என்றால் சூடு. வார்ப்பிரும்பு சிலிண்டர் சீக்கிரம் ஆறுகிற ஜாதி இல்லை. பங்குனி வெயிலில் பெங்களூர் ஹைவேயில் ஒரு மணி நேரம் முறுக்கினால், ஏதாவது ஒரு கிலோமீட்டர் கல் பக்கத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். காது 'பவர்' என்று ஏமாறுகிறது, பிஸ்டன் ஏமாறாது.

அந்தப் பாகத்துக்கு வெள்ளைக்காரன் சைலன்சர் என்று பேர் வைத்தான். அமைதியாக்கும் கருவி. அதைக் காசு கொடுத்து மாற்றி, சத்தம் போடும் கருவி ஆக்குவது, குடையில் ஓட்டை போட்டுவிட்டு 'காத்து நல்லா வருதுண்ணே' என்கிற மாதிரி.

சரி, அவன் பிஸ்டன், அவன் பாடு என்று விட்டுவிடலாமா? விட முடியாது. ஊர் காஞ்சிபுரம்.

பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தடவை நடந்து பாருங்கள். தெருவுக்கும் தறிக்கும் நடுவே ஒரு சுவர்தான். பல வீடுகளில் அதிலும் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். குழியில் காலை இறக்கி உட்கார்ந்து, எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நெய்கிறார்கள். கோர்வைச் சேலை என்றால் இரண்டு ஆள் வேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் இழைக்கு இழை பூட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுகிறவரும் நெய்கிறவரும் ஒரே தாளத்தில் போக வேண்டும். அந்தத் தாளத்தின் நடுவில் நம்ம ஹீரோ 'டமார்' என்று பேக்ஃபயர் விட்டுக்கொண்டு போகிறார். தொட்டிலில் இருக்கிற குழந்தை அலறுகிறது. வண்டி போய்விடும், அறுந்த இழையை முடிச்சுப் போடுகிறவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

'தறியும்தானே சத்தம் போடுது?' என்று கேட்பார்கள். போடுகிறது. அது சோறு போடுகிற சத்தம்.

இன்னொரு விஷயம். நெசவாளிக்குத் தறி ரிப்பேர் பார்க்க சர்வீஸ் சென்டர் கிடையாது. விழுது அறுந்தாலும், பன்னை தேய்ந்தாலும், ஜக்கார்டு அட்டை சிக்கிக்கொண்டாலும் முதலில் கை வைப்பது அவரேதான். சத்தம் மாறினாலே எங்கே கோளாறு என்று தெரியும் அவருக்கு. மெஷினைக் காதால் படிக்கத் தெரிந்த ஊர் இது. இந்த ஊரில் போய், காதைக் கெடுப்பதற்கு மெஷின் வாங்குகிறார்கள்.

மாற்றம் செய்வதே தப்பு என்கிற கட்சி அல்ல நான். இந்த வண்டியே மாற்றி மாற்றி வளர்ந்ததுதான். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955-ல் மெட்ராஸுக்கு வந்து, திருவொற்றியூரில் தமிழ்நாட்டுத் தொழிலாளி கையில் தேறி, 1977-ல் இங்கிலாந்துக்கே திரும்ப ஏற்றுமதியான வண்டி. பெற்றவர்கள் கடையை மூடிவிட்டார்கள், தத்து எடுத்தவர்கள் வளர்த்தார்கள். வடக்கே விவசாயிகளும் பட்டறைக்காரர்களும் பெட்ரோல் விலை தாங்காமல் புல்லட் எஞ்சினைத் தூக்கிவிட்டுச் சின்ன டீசல் எஞ்சினை மாட்டினார்கள். நன்றாக ஓடியது. கம்பெனியே பிறகு 'டாரஸ்' என்று டீசல் புல்லட் விட்டது. 325 சிசி, ஆறரைக் குதிரைச் சக்தி. அறுபத்தைந்துக்கு மேல் வேகம் போகாது, ஆனால் லிட்டருக்கு எழுபது கிலோமீட்டர் தாண்டும் என்று பால்காரர்கள் கும்பிட்டார்கள். அது மாடிஃபிகேஷன்! ஒரு தேவை இருந்தது, ஒரு மூளை வேலை செய்தது.

அதேபோல, காண்டாக்ட் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கிறவர், மங்கலான ஆறு வோல்ட் விளக்கைப் பன்னிரண்டு வோல்ட்டாக மாற்றுகிறவர், முன்சக்கரத்து டிரம் பிரேக்கை நம்ப முடியாமல் டிஸ்க் போடுகிறவர்... இவர்களுக்கு நான் மாலை போடுவேன். இன்றைய ஹைவேயில், லாரிக்குப் பின்னால், அந்தக் காலத்து டிரம் பிரேக்கோடு போவது வேண்டுதல் மாதிரிதான்.

கோபமெல்லாம் இங்கேதான் வருகிறது. சட்டத்துக்கு இந்த இரண்டு பேரும் ஒன்று.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள வழக்கொன்றில், இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், மாற்றம் செய்த ஓனருக்கு ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று எழுதினார்கள். கண்டிப்பாகப் படித்தால், உயிர் காக்க டிஸ்க் பிரேக் போட்டவரும், ஊரை எழுப்பக் குழாய் போட்டவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? இரண்டு பேரும் நிற்பதில்லை. திடீரென்று ஒரு வாரம் 'ஸ்பெஷல் டிரைவ்'. பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள்: பிடுங்கின சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி, போட்டோ. மறுநாள் பேப்பரில் படம். அதற்கு அடுத்த நாள், அதே குழாய் அதே கடை வாசலில் மாலை மாதிரி தொங்குகிறது. விற்கிறவரை யாரும் கேட்கவில்லை. பில் போட்டு, ஜிஎஸ்டியோடு விற்கிறார்!

பழைய வண்டியை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு அரசாங்கம் கொடுக்கிற பரிசு வேறு. 15 வருடம் தாண்டிய டூ வீலரின் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாய் இருந்தது, 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 20 வருடம் தாண்டினால் 2,000 என்று 2025-ல் உத்தரவு. ஐம்பது வயது ஆகிவிட்டால் 'விண்டேஜ்' என்று தனி நம்பர் வாங்கலாம். ஆனால் தினமும் ஓட்டக்கூடாது. முப்பது, நாற்பது வயது வண்டியைத் துடைத்துப் போற்றித் தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவன்தான் எல்லாருக்கும் இளிச்சவாயன்.

கம்பெனிகளும் சும்மா இல்லை. 'உங்க இஷ்டப்படி வண்டியை அமைச்சுக்கோங்க' என்று செல்போனிலேயே சீட்டு, கண்ணாடி, ஹேண்டில்பார் எல்லாம் காட்டுகிறார்கள். அவர்களிடம் வாங்கினால் ஸ்டைல், பட்டறையில் செய்தால் குற்றம். ரிப்பேர் செய்யும் உரிமை பற்றி 2022 ஜூலையில் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. அதில் வாகனங்களும் உண்டு. அந்த வருடம் டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். ஆனால் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு உருப்படியான பாகம் வேண்டுமானால் இன்றைக்கும் சென்னை ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் புல்லட் இப்போது தயாராவது இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில். 2013-லிருந்து ஒரகடத்தில், 2017-லிருந்து வல்லம் வடகாலிலும். பிறந்த வீட்டு வாசலிலேயே சீர்வரிசை கிடைப்பதில்லை.

ஜெர்மனியில் வண்டியை மாற்றினால் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். பிரேக் பிடிக்கிறதா, சத்தம் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சரியாக இருந்தால் வண்டிப் புத்தகத்திலேயே எழுதிக் கொடுப்பார்கள். இல்லையென்றால் கழற்று. இதை இங்கே செய்ய ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம். டிஎன் 21 என்று நம்பர் கொடுக்கிற அதே ஆபீஸில் ஒரு சத்தமானி, ஒரு பிரேக் டெஸ்டர், விஷயம் தெரிந்த ஒரு இன்ஸ்பெக்டர் போதும். 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் தயாராகும்போதே 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. ரோட்டில் பிடிப்பதற்கும் அதை ஒட்டி ஒரு அளவு வைத்துக்கொண்டு, மீட்டரைக் காட்டிப் பிடியுங்கள். மூஞ்சியைப் பார்த்து, தாடியைப் பார்த்துப் பிடிக்க வேண்டாம். நன்றாக வைத்திருக்கிற பெரியவரையும் அதே கும்பலில் நிறுத்தி 'ஓரங்கட்டு' சொல்வது அப்போது நிற்கும்.

ரோடு ரோலரை அதுவரை ரோடு போட அனுப்பலாம். பிள்ளையார்பாளையத்திலேயே வேலை இருக்கிறது.

அப்புறம் தம்பி, அந்தப் பழைய சைலன்சரை எடைக்குப் போட்டுவிடவில்லையே? பரணில் இருந்தால் இறக்கு. உள்ளே கரி அடைத்திருக்கும், சுத்தம் செய். மாட்டும்போது கேஸ்கெட் புதுசாகப் போடு. டேப்பட் மூடி வலது பக்கம் இருக்கிறது, பத்து நிமிஷ வேலை.