பத்து ஷில்லிங் நிலமும் நகராட்சி மானியமும்

மானியம் என்பது நம் ஊரில் சாதாரணச் சொல் இல்லை. கோயிலுக்கு மானியம், அக்கிரகாரத்துக்கு மானியம். சேரிக்கும் ஒன்று இருந்தது: பிணம் எரிக்க, செத்த மாடு தூக்க, தண்டோரா போட வெட்டியான் மானியம். முதல் இரண்டையும் வாங்கினவன் உட்கார்ந்து வாங்கினான். மூன்றாவதை வாங்கினவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று வாங்கினான். கனடாவின் நகராட்சிகள் சமூக அமைப்புகளுக்குக் கொடுக்கும் மானியத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இந்த இரண்டு வகை மானியம்தான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அங்கே இன்று கருப்பின மக்களும் பூர்வகுடிகளும் போடுகிற சண்டை, நின்று வாங்குகிற மானியத்துக்கு எதிரான சண்டை.

கனடா எங்கே, நம்ம சேரி எங்கே என்று சில தோழர்கள் கேட்கலாம். 1972இல் மும்பையில் பிறந்த தலித் சிறுத்தைகள் பெயரை எங்கிருந்து எடுத்தார்கள்? பெயரை எடுத்துக்கொண்டோம், கவிதையை மொழிபெயர்த்தோம். அந்த மக்களின் பட்ஜெட் சண்டையை மட்டும் ஏன் கண்டுகொள்வதில்லை? துப்பாக்கியும் தடியும் எங்கே இருக்கிறதென்று நமக்குத் தெரியும். விண்ணப்பப் படிவத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

டொராண்டோவை எடுத்துக்கொள்வோம். அந்த நகரம் நிற்கிற நிலம் மிஸ்ஸிசாகா பூர்வகுடிகளுடையது. 1787இல் பிரிட்டிஷ்காரன் 'கிரயம்' செய்தான். பிற்பாடு அந்தப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் நிலத்தின் விவரம் எழுதவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. தலைவர்கள் போட்ட குறிகள் தனித் துண்டுத்தாளில் ஒட்டியிருந்தன. வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்குகிற வித்தை பண்ணையார்களின் சொந்தச் சரக்கு என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்த ஓட்டையை அடைக்க 1805இல் மறுபடி ஒப்பந்தம் போட்டார்கள். 2,50,808 ஏக்கர். விலை பத்து ஷில்லிங். மிஸ்ஸிசாகா மக்கள் விடாமல் வழக்காடி 2010இல் 14.5 கோடி டாலர் இழப்பீடு பெற்றார்கள். ஆக அந்த நகராட்சியின் சொத்துவரி ஒவ்வொன்றும், அதிலிருந்து கொடுக்கிற மானியம் ஒவ்வொன்றும், அந்தப் பத்து ஷில்லிங் நிலத்தின் மேல் விளைந்தது. பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு, அதே நிலத்தில் எழுந்த கட்டடத்துக்குள் கடன் மனுவோடு நிற்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கருப்பின மக்களின் கதைக்கு ஹாலிஃபாக்ஸ் நகரம் போகவேண்டும். ஆப்பிரிக்வில் என்று ஒரு குடியிருப்பு. 1840களிலிருந்து கருப்பின மக்கள் வாழ்ந்த இடம். 1849இல் தங்களுக்கென்று தேவாலயம் கட்டினார்கள். நகராட்சிக்கு வரி கட்டினார்கள். நகராட்சி திருப்பிக் கொடுத்தது என்ன? குடிநீர்க் குழாய் இல்லை, சாக்கடை இல்லை, நல்ல ரோடு இல்லை. வந்தது சிறைச்சாலை, தொற்றுநோய் ஆஸ்பத்திரி, மலம் கொட்டும் குழி. 1950களில் ஊர்க் குப்பைமேடு. எல்லாத்தையும் கொண்டுவந்து கொட்டிவிட்டு, 'இங்கே மனுசன் வாழ முடியாது' என்று அதே நகராட்சி தீர்மானம் போட்டது. 1964 முதல் 1970 வரை சுமார் நானூறு பேரைக் காலி செய்தார்கள். சிலரின் சாமான்களை ஏற்றிப்போனது நகராட்சிக் குப்பை லாரி. பத்திரம் இல்லாதவர்களுக்கு 500 டாலர். தேவாலயத்தை 1967இல் ஓர் இரவில் இடித்தார்கள். 2010இல் மேயர் மன்னிப்புக் கேட்டார். கொஞ்சம் நிலமும், தேவாலயத்தை மறுபடி கட்ட 30 லட்சம் டாலரும் கிடைத்தது. குடும்பங்களுக்குத் தனித்தனி நஷ்டஈடு இல்லை.

இந்த இரண்டு கதைகளையும் மனசில் வைத்துக்கொண்டு மானியப் படிவத்தைப் படியுங்கள். வட அமெரிக்க நகரங்களில் வழக்கமாகக் கேட்பது இதுதான்: பதிவு பெற்ற அமைப்பா? இயக்குநர் குழு உண்டா? தணிக்கை செய்த கணக்கு உண்டா? காப்பீடு உண்டா? ஆபீஸ் எங்கே? முன்பு எந்த மானியம் பெற்று முடித்திருக்கிறாய்? ஒரு கேள்வியிலும் நிறம் இல்லை, இனம் இல்லை. எல்லாருக்கும் ஒரே படிவம். ஆனால் ஆபீஸ் இருந்த இடத்தை இடித்தது யார்? கணக்கெழுத ஆள் வைக்கிற அளவுக்குக் கையில் காசு தங்கவிடாமல் செய்தது யார்? பறித்தவன் பறித்ததன் விளைவையே தகுதிக்குறைவு என்று எழுதி வாங்குகிறான். 'தகுதி, திறமை' என்று நம்மிடம் பேசுகிறார்களே, அதன் இங்கிலீஷ் வடிவம்.

முன்பு வாங்கினவனுக்கே மறுபடி என்பதுதான் இதில் பெரிய சூழ்ச்சி. ஐம்பது வருஷமாக மானியம் வாங்கும் வெள்ளை அமைப்புக்கு அனுபவம் இருக்கிறது. அனுபவம் இருப்பதால் மானியம் கிடைக்கிறது. புதுசாக வருகிறவர்கள் இன்னொரு பெரிய அமைப்பின் நிழலில் போய் நிற்கவேண்டும். பணம் அந்தப் பெரிய அமைப்பின் கணக்குக்கு வரும், நிர்வாகச் செலவுக்கென்று ஒரு பங்கை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம், மிச்சம் உழைத்தவர்களுக்கு. தனியார் அறக்கட்டளைகள் விஷயத்தில் இது சட்டமாகவே இருந்தது. அறநிறுவனமாகப் பதிவு பெறாத ஓர் அமைப்புக்கு 2022 வரை அவர்கள் நேரடியாக மானியம் கொடுக்க முடியாது. கொடுக்கணும்னா, 'இது எங்கள் வேலை, எங்கள் கட்டுப்பாட்டில் நீ செய்கிறாய்' என்ற ஏற்பாட்டுக்குள் வரவேண்டும். பண்ணையாள் ஒப்பந்தம்! அந்தச் சட்டத்தின் கீழ் என்ன நடந்தது? 2020 டிசம்பரில் வந்த 'அன்ஃபண்டட்' என்ற அறிக்கை, முன்னணி அறக்கட்டளைகளின் 2017, 2018 கணக்கைப் பார்த்துச் சொன்னது: கருப்பினத் தலைமை உள்ள அமைப்புகளுக்குப் போனது 0.07 சதவீதம். நூறு டாலரில் ஏழு காசு.

எங்கள் பகுதியில் சேரிப் பிள்ளைகளுக்கு ஓர் இரவுப் பாடசாலை நடத்துகிறோம். ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதிக்கு மனு போட்டோம். மூன்று வருஷ அனுபவம் காட்டு என்றார்கள். ஏழு வருஷமாக நடத்துகிறோம் என்றோம். பேப்பரில் காட்டு என்றார்கள். தெருவிளக்கில் நடந்த பள்ளிக்கு எங்கே பேப்பர்?

இனி எண்ணிக்கை விவகாரம். பங்கு கேட்டால் 'நீங்க எத்தனை பேர்?' என்பான். டொராண்டோவில் கருப்பின மக்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். அதை மறைக்க முடியாது. பூர்வகுடிகளைக் கணக்கெடுப்பே தொலைத்துவிட்டது. அரசாங்கத்து ஆள் கதவைத் தட்டினால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவான் என்று பழகிய மக்கள். உண்டுறைப் பள்ளிகளின் கதையை அறிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். 'செவன்த் ஜெனரேஷன் மிட்வைவ்ஸ்' என்ற பூர்வகுடி மருத்துவச்சிகள் அமைப்பு ஆய்வாளர்களோடு சேர்ந்து, மக்களின் உறவுச் சங்கிலி வழியாகவே கணக்கெடுத்தது. 2017இல் வெளியான முடிவு: உண்மையான எண்ணிக்கை அரசு சொன்னதைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு. பிரசவம் பார்க்கிற பெண்கள் எண்ணினால் தலை சரியாக வருகிறது.

இதைவிட நுட்பமான ஒரு திருட்டு உண்டு. 'சிறுபான்மை இனங்கள்', 'பன்முகக் கலாச்சாரம்' என்று எல்லாரையும் ஒரே கூடையில் போடுவது. கூடைக்குள் பணம் போகும். யார் கைக்குப் போகிறது என்று கேட்கக் கூடாது. 'ஒடுக்கப்பட்டோர்' என்ற பொதுப்பெயரில் பங்கு பிரித்தபோது நமக்கு என்ன வந்தது என்று நமக்குத் தெரியும். 'தமிழர்' என்ற பெயரிலும் அதே கதைதான். டொராண்டோவில் பெரிய தமிழ்ச் சமூகம் இருக்கிறது. கூட வந்த சாதியும் இருக்கிறது. 2023 மார்ச்சில் டொராண்டோ பள்ளிக் கல்வி வாரியம் சாதி ஒடுக்குமுறையை ஒரு பிரச்சினையாக ஏற்றுத் தீர்மானம் போடவேண்டி வந்தது. வெள்ளையனிடம் 'நாங்களும் நிற ஒடுக்குமுறைக்கு ஆளானவர்கள்' என்று சொல்லிப் பங்கு வாங்கும் நம்மவர்கள், கருப்பின மக்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் தனிப் பங்கு என்றவுடன் 'பிரிவினை' என்று முணுமுணுத்தால் அது நாம் கேட்டுப் பழகிய பழைய குரல்.

கணக்குக் கேட்கக் கூடாதா என்பார்கள். தாராளமாகக் கேட்கட்டும். ஐயாயிரம் டாலருக்கு ஐந்து பக்கம், ஐந்து லட்சத்துக்கு ஐம்பது பக்கம் என்று கேட்கட்டும். ஐயாயிரத்துக்கும் ஆடிட்டர் சான்று கேட்பதற்குப் பெயர் விரட்டுவது.

தனிப் பங்கு ஒதுக்குவதோடு முடியாது. கருப்பின அமைப்பு எது, பூர்வகுடி அமைப்பு எது என்று அந்த மக்களே வரையறுக்கணும். விண்ணப்பத்தைப் படித்து முடிவு செய்கிற மேசையில் அவர்கள் பெரும்பான்மையாக உட்காரணும். ஓர் ஓரத்தில் ஒருவர் ஆலோசகராக இல்லை. ஒரு கோடை விழாவுக்கு, ஒரு பயிற்சி முகாமுக்கு என்று துண்டு துண்டாகக் கொடுக்காமல் வாடகைக்கும் சம்பளத்துக்கும் பல வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுக்கணும். துண்டுப் பணத்தில் அமைப்பு வளராது, அறிக்கை எழுதுகிறவர்கள்தான் வளருவார்கள். எல்லாத்துக்கும் மேலே கட்டடமும் மனையும். இதெல்லாம் நடக்காத காரியமும் இல்லை. கனடா அரசு 2021 பட்ஜெட்டில் அறிவித்த 20 கோடி டாலர் நிதியை நிர்வகிக்க 2023இல் கருப்பினத் தலைமை உள்ள அமைப்பு ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தது. டொராண்டோ மாநகராட்சியும் கருப்பின எதிர்ப்பு இனவெறிக்கு எதிரான செயல்திட்டத்தை 2017 டிசம்பரில் நிறைவேற்றியது. பூர்வகுடிகளோடான நல்லிணக்கத்துக்குப் பத்தாண்டுத் திட்டம் 2022இல் வந்தது. திட்டத்துக்குக் குறைச்சல் இல்லை.

குறைச்சல் எங்கே என்றால், ஆட்சி மாறினால் எல்லாம் போகும் என்பதில். 1992 மே மாதம் டொராண்டோ யங் தெருவில் கலவரம் வெடித்தது. ஸ்டீபன் லூயிஸ் விசாரித்து, இது கருப்பின மக்களுக்கு எதிரான இனவெறியே என்று மழுப்பாமல் எழுதினார். ஒன்டாரியோ மாகாண அரசு இனவெறி எதிர்ப்புத் துறையை வலுப்படுத்தியது, 1993இல் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் போட்டது. 1995இல் கன்சர்வேடிவ் கட்சி வந்தது. துறையையும் மூடியது, சட்டத்தையும் ரத்து செய்தது. தனி ஒதுக்கீடு செய்த பணத்தையும் பூட்டி வைக்கவில்லையென்றால் பறந்துவிடும். சிறப்புக்கூறுத் திட்டப் பணத்தை எடுத்து 2010 காமன்வெல்த் விளையாட்டுக்குச் செலவு செய்த தில்லியைப் பார்த்தவர்கள் நாம். அதனால்தான் அங்குள்ள தோழர்கள் தீர்மானத்தோடு நிற்காமல் ஒவ்வொரு வருஷ பட்ஜெட்டிலும் சதவீதம் எத்தனை, யார் கைக்குப் போனது என்ற பட்டியலைக் கேட்கணும். அப்படிப் பட்டியல் கேட்கிற அமைப்புக்கு அடுத்த வருஷம் மானியம் நிற்கிறதா என்பதையும் நாம் இங்கிருந்தே கவனிக்கணும். 'சேவை' செய், பேசாதே என்பதுதான் எல்லா மானியத்தின் அடியிலும் பொடி எழுத்தில் இருப்பது.

ஆப்பிரிக்விலில் பிறந்த எடி கார்வரி, இடிக்கப்பட்ட தன் ஊருக்கு 1970இல் திரும்பிப் போய்க் கூடாரம் போட்டார். பல பத்தாண்டுகள் அங்கேயே போராடினார். அவர் கேட்டது மானியத்தை இல்லை. கேட்டது ஊரை.