நெட்டி முறிப்போர் மீது ஒரு வீண்பழி

விரல்களில் நெட்டி முறிப்போருக்கு முதுமையில் மூட்டுவாதம் வரும் என்னும் எச்சரிக்கையைத் தமிழ்ப் பத்திரிகைகளின் மருத்துவக் குறிப்புகளில் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பக்கத்தின் அடியில் ஓர் அங்குல இடம் எஞ்சும்போதெல்லாம் அதை நிரப்பக் கைகொடுக்கும் சரக்கு இது. ‘ஆய்வுகள் கூறுகின்றன’ என்று தொடங்கும். எந்த ஆய்வு, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் என்ற விபரம் மட்டும் இராது. வீதி விபத்துச் செய்தியொன்றை இவ்வாறு எழுதி வரும் இளம் நிருபரைச் செய்தி ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். உடல்நலச் செய்திக்கு மாத்திரம் ஏன் இந்தச் சலுகை?

எலும்போடு எலும்பு உரசுவதால் அந்தச் சத்தம் எழுவதில்லை. மூட்டைச் சூழ்ந்த உறைக்குள் வழுவழுப்பான திரவம் ஒன்று உண்டு. விரலை இழுக்கையில் உள்ளே அமுக்கம் குறைய, திரவத்தில் கரைந்திருந்த வாயு குமிழாகத் திரள்கிறது. அக்குமிழ் உடைவதே சத்தம் என்று 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள் எழுதினர். இல்லை, தோன்றும் கணத்திலேயே சத்தம் எழுகிறது என்று 2015இல் கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தினர் எம்.ஆர்.ஐ. படங்களுடன் மறுத்தனர். அந்த வழக்கு இன்னமும் நடக்கிறது. ஆனால் முறித்த விரலில் மறுபடி சத்தம் எழச் சுமார் 20 நிமிடங்கள் செல்வதைக் கவனித்திருப்பீர்கள். எலும்பு உரசுவதுதான் காரணமென்றால் இந்த இடைவேளை எதற்கு?

கலிபோர்னியாவின் டொக்டர் டொனால்ட் அங்கர், சிறுவயதில் தாயும் சித்திமாரும், பின்னர் மாமியாரும் விடுத்த இதே எச்சரிக்கையைச் சோதிக்க எண்ணினார். ஐம்பது வருடங்களுக்கு மேலாக இடது கை விரல்களில் மட்டும் நாளொன்றுக்கு இரு தடவையேனும் நெட்டி முறித்தார். வலது கையை விட்டுவைத்தார். குறைந்தது 36,500 தடவைகள்! 1998இல் மருத்துவச் சஞ்சிகையொன்றுக்கு எழுதிய கடிதத்தில், இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை, இரண்டுக்குமிடையே வேறுபாடும் இல்லை என்றார். 2009இல் இதற்காக ‘இக் நோபல்’ என்ற நகைச்சுவைப் பரிசும் பெற்றார். ஒரு மனிதரின் கை எதையும் நிறுவாதுதான். ஆயினும் அவர் கணக்கு வைத்திருந்தார். எமது குறிப்பெழுத்தாளர்களிடம் அதுவும் இல்லை.

2011இல் அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 215 பேரின் கை எக்ஸ்றே படங்களை ஒப்பிட்டபோதும், நெட்டி முறிப்போரிடம் மூட்டுத் தேய்வு அதிகமாகக் காணப்படவில்லை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு சாட்சி உண்டு. அதை மறைப்பது தொழில் தர்மமன்று. 1990இல் டிட்ரொயிட்டில் 300 பேரைப் பரிசோதித்த இரு வைத்தியர்கள், மூட்டுவாதத்தில் வேறுபாடு காணாவிடினும், நெட்டி முறிக்கும் 74 பேரிடம் கைவீக்கமும் பிடிவலுக் குறைவும் அதிகம் என்றனர். அதே 74 பேரிடையே கைத்தொழில் செய்வோரும், புகைப்போரும், மது அருந்துவோரும் கூடுதலாக இருந்தனர் என்பதையும் அவர்களே எழுதியுள்ளனர். மூட்டுவாதக் கட்சியினர் இந்த ஆய்வைக் கூட வாசித்ததாகத் தெரியவில்லை. வாசித்திருந்தால் வீக்கத்தைப் பற்றியல்லவா எழுதியிருப்பார்கள்!

இதிலொரு வேடிக்கை: பேரப்பிள்ளைக்கு நாவூறு கழிக்கும் பாட்டி, அதன் முகத்தைக் கைகளால் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார். சடசடவென்று சத்தம் கூடக்கூட மகிழ்வார். அந்தப் பிள்ளையே வளர்ந்து தானாக முறித்தால் மட்டும் வாதம் வந்துவிடுமாம்.

இதுவெல்லாம் வெறும் விரல் விளையாட்டு என்று ஒதுக்க முடியாதபடி ஒரு விடயம் இருக்கிறது. மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்து நெடுநேரம் விரல் மடக்க முடியாது தவிக்கும் பெண்ணிடம், ‘சொன்னால் கேட்டாயா, நெட்டி முறித்தாயல்லவா’ என்கிறோம். முடக்குவாதம் என்பது உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் மூட்டுகளையே தாக்கும் நோய். தொடக்கத்திலேயே சிகிச்சை கிடைத்தால் மூட்டுகளைப் பெருமளவு காப்பாற்றலாம். தன் கெட்ட பழக்கத்தின் பலன் இது என்று நம்பி எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டிலிருப்பவருக்கு அந்த மாதங்கள் திரும்பக் கிடையா. அடுத்த வாரம் அந்த ஓரங்குல இடத்தை நிரப்ப இருப்பவர்கள், காலை நேர விறைப்பும் வீக்கமும் சில வாரங்கள் நீடித்தால் வைத்தியரை நாடுங்கள் என்று எழுதலாமே. அதற்கும் அதே அளவு இடந்தான் தேவை.