நெடுந்தீவுப் படகில் யாருக்கு முதலிடம்?

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு வந்து அணைந்ததும் முதலில் ஏறுவது சாமான்தான். அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர், முட்டை அட்டை. மோட்டார் சைக்கிளைக்கூட நாலு பேர் தூக்கி மேல்தட்டில் வைத்துவிடுவார்கள். அதன் பிறகே ஆட்கள் குனிந்து உள்ளே இறங்குகிறார்கள். டீசல் வாசனைக்கு நடுவே, முன்பின் தெரியாதவரின் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வது அங்கே சாதாரணம்.

நயினாதீவுக்கு இங்கிருந்து கால்மணி நேரம் போலத்தான். நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போகிறவர்களும் நாகதீப விகாரைக்குப் போகிற சிங்கள யாத்திரிகர்களும் ஒரே துறையில் படகுக்குக் காத்து நிற்கிறார்கள்.

நெடுந்தீவு அப்படியல்ல. ஏறத்தாழ ஒரு மணி நேரத் திறந்த கடல். காற்று மாறினால் சேவை நின்றுவிடும். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நோயாளியும் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தத் தீவாருக்குப் படகு என்பது உறவும் துக்கமும் கலந்தது. 1985 மே 15 அன்று 'குமுதினி' படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குறைந்தது 23 பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பின்னாளில் பழுது பார்க்கப்பட்ட அதே குமுதினியில்தான் ஊர் மீண்டும் ஏறியது. வேறு வழி?

இன்று காட்டுக் குதிரைகளையும் பவளக்கல் வேலிகளையும் பார்க்க வெளியூரார் திரளாக வருகிறார்கள். வரட்டும். ஆனால் விடுமுறை நாளில் அவர்கள் இருக்கைகளை நிரப்ப, மருந்து வாங்கித் திரும்பும் கிழவி கரையில் நிற்பது அநியாயம். தீவாருக்கு முதலிடம், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி, கூட்ட நாளில் கூடுதல் படகு. இவற்றை உறுதி செய்வது அரசின் கடமை.