மூன்று விருப்பும் நமது உரிமை

பாராளுமன்றத் தேர்தலில் பெரியமடுவில் விழும் வாக்கு வன்னி மாவட்டத்துக்கும், மஸ்கெலியாவில் விழும் வாக்கு நுவரெலியா மாவட்டத்துக்கும் சேரும். ஜனாதிபதித் தேர்தலில் மட்டும் இரண்டும் ஒரே கணக்கு. அந்தக் கணக்கில் நாம் முழுமையாகப் பங்கெடுத்தோமா?

2024 செப்டெம்பர் 21 தேர்தலில் எவரும் 50 வீதத்தைத் தாண்டவில்லை. அநுர குமார திசாநாயக்க 42.31, சஜித் பிரேமதாச 32.76 வீதம். ஜனாதிபதித் தேர்தல் வரலாற்றிலேயே முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்திருந்தவை 33 இலட்சத்துக்கு மேல். அவற்றில் அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 மட்டுமே சேர்ந்தன. நூற்றுக்கு எட்டு! ஏனைய 30 இலட்சம் வாக்குகள் இறுதிச் சுற்றில் பேசவில்லை. பேசியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாய்ப்பு இருந்தும் மௌனமாக இருந்தோம்.

இதில் சங்கங்களுக்கும் பங்குண்டு. "எமது சின்னத்துக்கு மட்டும்" என்று மேடைகளில் நாமும் சொன்னோம். இரண்டாம் விருப்பு முதலாமவரைப் பாதிக்கும் என்ற பயம் வீணானது. முதலாமவர் போட்டியிலிருந்து நீங்கிய பிறகே அது பார்க்கப்படும்.

இம்முறைக்கும் குறை உண்டு. நூறு பேர் உள்ள கிளையில் மூவர் போட்டியிடுகிறார்கள் என்று வைப்போம். ராமுவுக்கு 40, செல்விக்கு 35, மணிக்கு 25. ராமுவின் ஆட்களுக்கும் செல்வியின் ஆட்களுக்கும் இரண்டாம் விருப்பு மணி. மணியின் ஆட்களுக்குச் செல்வி. மணி நீக்கப்பட, செல்வி 60 பெற்று வெல்கிறார். ஆனால் நேருக்கு நேர் நின்றால் மணி, செல்வியை 65க்கு 35 என்றும் ராமுவை 60க்கு 40 என்றும் தோற்கடிப்பார். பெரும்பான்மை ஏற்கும் ஆளே முதலில் வெளியேறுகிறார். இருவர் இருவராக ஒப்பிட வேண்டும் என்று பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785இலேயே எழுதினார். மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வரிசைப்படுத்தும் எந்த முறையும் நியாயத்தின் எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றாது என்று 1951இல் கென்னத் ஆரோ நிறுவினார்.

குறையற்ற முறை இல்லை என்பதற்காகக் கைகட்டி நிற்க முடியாது. எமது கிளைத் தேர்தல்களில் நேருக்கு நேர் ஒப்பிடும் முறையைப் பரீட்சித்துப் பார்ப்போம். அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ஒவ்வொரு லயத்திலும் 1, 2, 3 என்று இலக்கமிடப் பழக்குவோம். புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்க வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுப்போம்.

1948இல் பிரஜாவுரிமையும் அதன் வழியே வாக்கும் பறிக்கப்பட்டவர்கள் நமது பாட்டன் பாட்டிகள். மீட்டெடுத்த வாக்கில் மூன்றிலொரு பங்கை மட்டும் பாவிப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல, தோழர்களே!