கோடி யாருக்கு?

எழவு வீட்டுக்கு எதை உடுத்திப் போவது என்ற கேள்வி ஆண்களுக்கு வருவதில்லை. கொடியில் கிடக்கும் வேட்டி போதும். வேலைக்குப் போட்டுப்போன பேன்ட்டும் போதும். பெண்ணுக்கோ சாவுச் செய்தி வந்த நிமிடமே கணக்குத் தொடங்கிவிடுகிறது. சரிகை கூடாது. பளிச்சென்ற நிறம் கூடாது. தலையில் இருக்கும் பூவை எடுத்துவிட வேண்டும். ஆனால் பொட்டை எடுத்துவிடக் கூடாது. “புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில் வெறும் நெத்தியோட வர்றா பாரு” என்பார்கள்.

இதைத் துக்கத்துக்குச் செய்யும் மரியாதை என்கிறார்கள். மரியாதை என்றால் இருவருக்கும் பொதுவாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கே உடை பேசுவது இறந்தவரைப் பற்றியல்ல. உடுத்தியவளுக்குப் புருசன் இருக்கிறானா என்பதைப் பற்றித்தான்.

பிணத்தைப் பாருங்கள், புரியும். கணவனுக்கு முன்னே போனவளுக்கு மஞ்சள் பூசி, பட்டு உடுத்தி, தலைகொள்ளாமல் பூ வைத்து, ‘கொடுத்து வைத்தவள்’ என்கிறோம். கணவனுக்குப் பின்னே போனவளுக்குப் பல வீடுகளில் அந்தப் பூ கிடையாது. மனைவியை இழந்தவன் செத்தால் அவன் உடம்பில் அதற்கொரு அடையாளமும் இல்லை.

எல்லாவற்றிலும் கொடியது, கணவனை இழந்தவளுக்கு நடப்பது. பிறந்த வீட்டுக் கோடி வரும். பூச்சூட்டி, கை நிறைய வளையல் அடுக்கி, அவளை நடுவில் உட்கார வைப்பார்கள். பிறகு உடைப்பார்கள், அழிப்பார்கள், அறுப்பார்கள். அன்று அவள் எதை அணிவது, எதைக் கழற்றுவது என்பதை அவளைத் தவிர எல்லோரும் முடிவு செய்கிறார்கள்.

“இப்போது யாரம்மா வெள்ளைச் சேலை கட்டச் சொல்கிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. சேலையின் நிறம்தான் மாறியிருக்கிறது. மரபு என்பார்கள். அதன் வயதை நான் அறிவேன். புறநானூற்றின் 250ஆம் பாடலில், கூந்தல் கொய்யப்பட்டு வளையல் நீக்கப்பட்ட ஒரு மனைவியைத் தாயங்கண்ணியார் காட்டுகிறார். அந்தப் பாட்டின் துறை, தாபத நிலை. அதாவது, தவம். ஒருத்தியிடமிருந்து பறித்ததற்குத் தவம் என்று பெயர் சூட்டிய இலக்கணம் நம்முடையது. வகுப்பறையில் துறையின் பெயரைச் சொல்லி மதிப்பெண் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம்.

பழையது என்பதால் அசைக்க முடியாதது என்றில்லை. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்றொரு கிராமம். வளையல் உடைப்பதும் குங்குமம் அழிப்பதும் தாலி அறுப்பதும் இனி வேண்டாமென்று 2022 மே மாதம் அதன் ஊராட்சி தீர்மானம் போட்டது. மற்ற ஊராட்சிகளும் இதைப் பின்பற்றலாம் என்று மாநில அரசே சொன்னது. சுயமரியாதை இயக்கம் பிறந்த மண்ணில் நாம் இன்னும் சேலையின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எழவு வீட்டுக்குக் கிளம்பும் பெண்களே, கைக்குக் கிடைத்த சேலையைக் கட்டிக்கொண்டு போங்கள். சுடிதார் என்றாலும் சரி. அங்கே அந்தச் சடங்கு தொடங்கும்போது, ‘சுமங்கலிகள் பார்க்கக் கூடாது’ என்று உங்களை அப்பால் போகச் சொல்வார்கள். போகாதீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வளையலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.