பூங்காவின் கதவு யாருக்குத் திறக்கிறது?

மே மாத நண்பகல் அது, ஒரு மணி இருக்கும். சென்னையின் ஒரு குடியிருப்புப் பகுதியில், பூங்கா ஒன்றின் சுற்றுச்சுவரை ஒட்டிய நடைபாதையில் இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் வேலை. அந்தப் பெரிய சதுரப் பையை முதுகிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்திருந்தார். பூங்காவுக்குள் நிற்கும் வேப்பமரத்தின் கிளை ஒன்று சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. அந்தக் கிளை தந்த நாலடி நிழலில்தான் அவர் இருந்தார். வெயில் நகர நகர அவரும் நகர்ந்துகொண்டிருந்தார்.

"உள்ளே நல்ல நிழல் இருக்கிறதே தம்பி, பெஞ்சுகூடக் காலியாகக் கிடக்கிறது, போய் உட்காரலாமே?" என்று கேட்டேன்.

"பூட்டியிருக்கு சார். காலையில பத்து மணிக்கு மூடினா சாயந்திரம் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. நாலு மணிக்கு எனக்கு வேலை சூடுபிடிச்சிடும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. வெயிலைப் பற்றிப் பேசுவது போலத்தான் பூட்டைப் பற்றியும் பேசினார்.

கதவருகே சென்று பார்த்தேன். செய்யக்கூடாதவற்றின் பட்டியல் ஒன்று பெரிய எழுத்தில் தொங்கியது. படுக்கக்கூடாது, விளையாடக்கூடாது, உணவு உண்ணக்கூடாது, வளர்ப்பு விலங்குகளை அழைத்து வரக்கூடாது... என்னதான் செய்யலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

பூங்கா என்றதும் காலை நடைப்பயிற்சிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அது நல்லதுதான், குறை சொல்வதற்கில்லை. மயிலாப்பூரில் பிரகாச மாதா ஆலயம் இருக்கும் அதே லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு விடியற்காலையில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடப்பவர்கள் ஒரு பக்கம், பந்தாடுபவர்கள் ஒரு பக்கம், நாளிதழை நான்காகப் பிரித்து ஆளுக்கு ஒரு தாளாகப் படிக்கும் பெரியவர்கள் ஒரு பக்கம் என்று அந்த இடமே ஒரு சிற்றூர் போல இருக்கும். ஒலிபெருக்கி இல்லாமல் கர்நாடக இசைக் கச்சேரி நடத்தும் வழக்கமும் அங்கு உண்டு. அண்ணா நகர் கோபுரப் பூங்காவில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மரத்தடியில் புத்தகமும் கையுமாக நாள் முழுவதும் அமர்ந்திருப்பார்கள். வீட்டில் படிக்க இடமில்லை என்பதை அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. ஒற்றை அறை வீட்டில் மருமகள் உடை மாற்ற வேண்டும் என்பதற்காக எழுந்து வெளியே வரும் மாமனாரும் அதைச் சொல்வதில்லை. நேராகப் பூங்காவுக்கு வந்து, இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார். முற்றம் உள்ளவருக்குப் பூங்கா ஒரு பொழுதுபோக்கு. முற்றம் இல்லாதவருக்கு அதுவே முற்றம்.

இந்த முற்றம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? நடுவண் அரசின் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட திட்டமிடல் நெறிமுறைகள், ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருப்பது நல்லது என்கின்றன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர் வாழ்ந்தனர். தலைக்கு 10 சதுர மீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள். நகரின் மொத்தப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகத் திறந்தவெளியாக இருக்க வேண்டும்! நடக்கிற காரியமா? நடக்காது. வீடுகளை இடித்துப் பூங்கா அமைக்க யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே இருப்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. மாநகராட்சியிடம் 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் உள்ளன. அவற்றில் பல, நான்கு வீட்டு மனைகளை ஒன்றாகச் சேர்த்த அளவே இருக்கும். இவ்வளவு சிறிய இடத்தையும் நாளில் ஆறு மணி நேரம், அதுவும் நிழல் மிகவும் தேவைப்படும் ஆறு மணி நேரம் பூட்டி வைப்பது என்ன கணக்கு?

இருப்பது எப்படிக் கரைந்து போகும் என்பதற்கும் சென்னையிலேயே கதை உண்டு. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள புறநகர் நிலையத்தின் பெயர் சென்னைப் பூங்கா. பக்கத்தில் பார்க் டவுன். எந்தப் பூங்கா, எந்தப் பார்க் என்று நாம் கேட்டதுண்டா? ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-ஆம் ஆண்டு முன்னெடுத்த பீப்பிள்ஸ் பார்க், அதாவது மக்கள் பூங்கா, 116 ஏக்கரில் அங்கே விரிந்து கிடந்தது. குளங்கள், சாலைகள், விலங்குக் காட்சிச்சாலை எல்லாம் அதற்குள் இருந்தன. பிறகு 1880-களில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது. 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-இல் மாநகராட்சியின் ரிப்பன் கட்டடம் எழுந்தது. விளையாட்டரங்கம் வந்தது. விலங்குகள் 1985-இல் வண்டலூருக்குப் போயின. அதே ஆண்டு மூர் மார்க்கெட் தீக்கிரையாக, அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதுதான், ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு தேவை எழுந்தபோதும் கண்ணுக்குத் தெரிந்த காலி இடம் பூங்காவாகவே இருந்தது. இன்று அங்கே மை லேடீஸ் பூங்கா போன்ற ஒரு சில துண்டுகளும், ரயில் நிலையத்தின் பெயரும் மிஞ்சியிருக்கின்றன.

மெட்ரோ ரயில் வந்தபோதும் இதுவே நடந்தது. ஷெனாய் நகரிலுள்ள திரு.வி.க. பூங்கா, நிலத்தடி ரயில் நிலையம் கட்டுவதற்காக 2011-ஆம் ஆண்டு மூடப்பட்டது. வளர்ந்த மரங்கள் வெட்டப்பட்டன. 2017 மே மாதத்தில் அந்தத் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பூங்காவோ 2023-ஆம் ஆண்டில்தான் மீண்டும் திறந்தது. அதாவது ரயில் வந்து ஆறு ஆண்டுகள் கழித்து! மூடியபோது ஐந்து வயதாக இருந்த குழந்தை, திறந்தபோது பதினேழு வயது இளைஞர். அவருடைய ஊஞ்சல் பருவத்தை யார் திருப்பித் தருவார்? இரண்டாம் கட்டப் பணிகளுக்காகத் தி. நகரின் நெஞ்சுபோல இருக்கும் பனகல் பூங்காவிலும் ஒரு பகுதி எடுக்கப்பட்டது. ரயில் வேண்டும் என்பவர்களில் நானும் ஒருவன். வேலை முடிந்த அன்றே பூங்காவைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு தேதி எழுதுவதில் என்ன சிரமம் என்றுதான் கேட்கிறேன்.

அன்பர்களே, பூங்கா கரைவதற்கு இன்னொரு வழியும் வந்திருக்கிறது. அது கட்டணம். கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. அரசு மீட்டெடுத்த 6.09 ஏக்கர் நிலம். அங்கே அடுக்குமாடி விடுதி எழாமல் செடிகொடிகள் எழுந்தது பாராட்டுக்குரியது. ஆயினும் திறக்கப்பட்டபோது அறிவித்த நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 300 ரூபாய். வீட்டு வேலை செய்யும் ஒரு தாய் இதை என்றாவது ஒருநாள், பிறந்தநாளுக்கு, கொடுக்கலாம். மாலைதோறும் கொடுக்க முடியுமா? பார்த்துவிட்டு வரும் இடம் வேறு, போய் இருக்கும் இடம் வேறு. முன்னதற்குச் சீட்டு வாங்கலாம். பின்னதற்குச் சீட்டு வைத்தால் அது நின்றுவிடும்.

அதே அக்டோபர் இறுதியில் இன்னொன்றும் நடந்தது. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, விளையாடும் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. வியாசர்பாடியில் வெறுங்காலில் பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகளை அறிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு கிளம்பியது, சில நாள்களிலேயே தீர்மானம் கைவிடப்பட்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்காக மட்டுமே இதை இங்கே சொல்கிறேன்.

இப்போது எல்லார் கண்ணும் கிண்டியின்மீது. குதிரைப் பந்தயத்துக்காக 1945-ஆம் ஆண்டு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு தன்வசம் எடுத்தது. அதில் 118 ஏக்கர் பூங்காவுக்கென்று தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கப்பட்டது. வழக்குகள் ஒரு பக்கம். மறுபக்கம், அன்றைய மக்கள் பூங்காவுக்கு நிகரான ஓர் இடம், நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சென்னைக்கு வாய்க்கிறது. அதன் வரைபடத்தில் செயற்கை அருவி எங்கே, கண்ணாடி மாளிகை எங்கே என்று பேசப்படும். எத்தனை வாசல், அவற்றில் எத்தனை பேருந்து நிறுத்தத்தின் அருகில், எந்த நேரம் திறந்திருக்கும், உள்ளே போக எவ்வளவு என்பதையும் யாராவது கேட்க வேண்டும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் இதை நேரடியாகவே தொட்டுச் செல்கிறார். அழகாகப் பேணப்படும் பசுமை இடங்கள் நகரின் பாதுகாப்பான பகுதிகளில் இருக்கின்றன, சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டோர் வாழும் மறைவான பகுதிகளில் இருப்பதில்லை என்பதே அவருடைய கவலை. அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் பங்கில் மிக வசதியான தெருவிலிருந்து மிக நெருக்கடியான தெருவரை ஒருநாள் மாலை நடந்து, வழியில் எண்ணிய மரங்களைக் குறித்து வாருங்கள்.

சட்டம் நமக்குத் துணையாகவே இருக்கிறது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்க 1959-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் தனிச்சட்டம் வந்துவிட்டது. இன்றைய கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்தாலோ பெரிய குடியிருப்பு கட்டினாலோ, சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொதுச்சொத்து. ஆனால் வெளியில் காவலாளியை நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? பெங்களூருவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களே வழக்குத் தொடுத்தார்கள். 1991-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

பிறரைக் கேட்குமுன் நம் வளாகங்களையும் கொஞ்சம் பார்க்கலாம். நம் ஆலயங்களைச் சுற்றியும் பள்ளிகளைச் சுற்றியும் பழைய மரங்கள் நிற்கின்றன. சில இடங்களில் நின்றன. தரை முழுவதும் கல் பதித்து, கார்களுக்குக் கோடு போட்டு, தூங்குமூஞ்சி மரம் சருகு கொட்டுகிறது என்று வெட்டிய வளாகம் ஒன்றை நான் அறிவேன். அங்கே நண்பகலில் வந்து இளைப்பாறிய பூ விற்கும் அம்மா இப்போது வருவதில்லை.

அந்தப் பூட்டிய பூங்காவுக்குத் திரும்புகிறேன். பகலில் திறந்து வைக்கக் கோரி, எங்கள் பகுதியைச் சேர்ந்த பதினோரு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம். எங்கள் தெருவிலேயே எதிர்ப்பு இருந்தது. பகலில் திறந்தால் குடிப்பவர்கள் வருவார்கள், தனியாக நடக்கும் பெண்களுக்குப் பாதுகாப்பு இருக்காது என்றார்கள். அந்த அச்சத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் காலியாகக் கிடக்கும் இடத்தில்தான் பாட்டில் உருளும். பெஞ்சில் நாலு தாத்தாக்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எவரும் துணிய மாட்டார்கள் என்று, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா சொன்னார். அவர்தான் முதல் கையெழுத்துப் போட்டவர்.

மனுவை வாங்கிக்கொண்டவர் மரியாதையாகவே பேசினார். மூன்று பூங்காக்களுக்கு ஒரே காவலாளி, பகலில் அவர் அடுத்த பூங்காவில் தண்ணீர் ஊற்றுகிறார், ஆள் போட்டால் திறக்கலாம் என்றார். ஓய்வுபெற்ற எங்களில் ஆறு பேர் முறை வைத்துச் சாவியை வாங்கிக்கொள்கிறோம் என்றோம். அதற்கு விதியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று கேட்டு வைத்திருக்கிறோம்.