இழுவை வண்டிக்கும் பிரேக்கு வேண்டும்

கொல்லிமலைக்குச் செல்லும் மார்க்கங்களுள் காரவள்ளிச் சாலை 70 கொண்டையூசி வளைவுகளால் பிரசித்தி பெற்றது. முள்ளுக்குறிச்சி வழியாகச் செல்லும் பாதைக்கு அத்தகைய பெயரில்லை. ஆயினும் பாரமேற்றி இறங்கும் வண்டிக்கு வளைவுகளைக் காட்டிலும் சரிவே பெரும் பகை. மலையில் விளையும் குச்சிக்கிழங்கு, சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளை அடைய இச்சரிவுகளைக் கடந்தே தீரவேண்டும்.

இத்தகைய இடங்களில் விபத்து நேர்ந்தால், "பிரேக்கு திடீரென்று அற்றுப் போயிற்று" என்று கூறுவது வழக்கம். திடீரென்று என்னும் சொல் பெரும்பாலும் பொருந்துவதன்று. சாதாரண டிராக்டரில் பின்சக்கரங்கள் இரண்டிற்கே பிரேக்கு உண்டு. அதன் பின்னே கிழங்குடன் 5 டன் எடையுள்ள டிரெய்லர் பூட்டப்படுகிறது. 10 அடிக்கு 1 அடி தாழும் சரிவில் அந்த டிரெய்லர் மட்டுமே ஏறக்குறைய அரை டன் பலத்துடன் டிராக்டரை முன்னே தள்ளும். டிரெய்லருக்குத் தனிப் பிரேக்கு இல்லையெனில் அவ்வளவையும் அவ்விரு சக்கரங்களே தாங்கவேண்டும். விடாது மிதிக்க மிதிக்கப் பிரேக்கு சூடேறிப் பிடிப்பை இழக்கும். மிதி வழக்கத்திற்கு மேல் தாழ்வதும், தீய்ந்த நாற்றம் எழுவதும் முன்னறிவிப்புகள். இவற்றைக் கண்டவுடன் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டு ஆறவிடுதல் வேண்டும்.

ஓட்டுபவர் செய்யும் பிழைகளும் உண்டு. டீசலை மிச்சப்படுத்தக் கருதிக் கியரை விடுவித்து உருளவிடுவது அவற்றுள் மிகக் கொடியது. அவ்வாறு விட்டபின், வேகமெடுத்த டிராக்டரில் கியர் மீண்டும் விழுவது அரிது. ஆதலின் சரிவு தொடங்குமுன்னரே தாழ்ந்த கியரை இட்டு, எஞ்சினே வண்டியைத் தாங்கும்படி இறங்கவேண்டும். உழவின்போது திரும்புவதற்காகப் பிரித்துவைத்த இரு பிரேக்கு மிதிகளைச் சாலைக்கு வருமுன் இணைக்க மறப்பதும் இத்தன்மையதே. ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒருபுறம் இழுத்துக் கவிழும்.

எனினும் ஓட்டுபவரை மட்டும் நிந்திப்பது நியாயமன்று. குச்சிக்கிழங்கு தோண்டிய இரண்டு மூன்று தினங்களில் கெடத் தொடங்கும். ஆலையிலோ மாவுச்சத்தின் பாயிண்டைக் கொண்டே விலை. ஆகவே குடியானவர் இரண்டு நடைக்குரிய பாரத்தை ஒரே நடையில் ஏற்றத் துணிகிறார். வாடகையும் ஒரு நடைக்கே ஆகிறதல்லவா? இக்கணக்கில் டிராக்டரின் மீதிருக்கும் மனிதனின் உயிர் சேர்க்கப்படுவதில்லை.

உழவு யந்திரங்களுக்கு மானியம் வழங்கும் சர்க்கார், மலைப்பாதையில் இழுக்கப்படும் டிரெய்லருக்குப் பிரேக்கு உள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் அச்சும் சக்கரமும் கொக்கியும் பொருத்தியவுடன் டிரெய்லர் முடிந்ததென்று கொள்வது தகாது. ஆலையாரும் கிழங்கு இறக்கும் நாளை முன்னதாகவே குறித்துக் கொடுப்பாராயின், குடியானவர் ஒரு நடைக்கு வேண்டிய அளவே தோண்டி, மறுநாள் மீதியைத் தோண்டிக்கொள்வார்.